ஆற்று ஓங்கில் ஆராய்ச்சி: எண்ணிக்கையும் காப்பும்

அறியாமையால் அழிந்த உயிரினங்கள் பல. நன்கு அறியப்பட்டிருந்தும் அழிந்தவை சில. பின்னதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், சீன நாட்டின் யாங்சி ஆற்றில் வாழ்ந்த பைஜி என்னும் ஓங்கிலைக் கூறலாம். அதன் உடலமைப்பை ஆராய்ந்தவர் உண்டு. அதன் ஒலியைப் பதிவு செய்தவர் உண்டு. அதன் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருவதை எண்ணிக் காட்டியவரும் உண்டு. ஆயினும், 2006-ஆம் ஆண்டின் இறுதியில் பல நாட்டு விஞ்ஞானிகள் இரண்டு கப்பல்களில் ஆறு வாரம் அந்த ஆற்றைத் துருவிப் பார்த்தபோது, ஒரு பைஜியும் அவர்கள் கண்ணிற்படவில்லை. ஆராய்ச்சி ஏடுகள் எஞ்சின; ஆராயப்பட்ட விலங்கு எஞ்சவில்லை.

இந்நிகழ்ச்சி ஆற்று ஓங்கில் ஆராய்ச்சி முழுவதையும் நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது. இரு நூற்றாண்டு முயற்சியில் அவ்வாராய்ச்சி கற்றது யாது? கற்றதைக் கொண்டு காத்தது எவ்வளவு? இவ்விரண்டையும் ஒருசேர வைத்து எடைபோட்டாலன்றி அதன் இன்றைய நிலை விளங்காது.

டால்பின் என்று இன்று பலரும் வழங்கும் விலங்கே தமிழில் ஓங்கில் எனப்படுவது. உருவத்தால் மீனை ஒத்திருப்பினும் அது மீனன்று. நுரையீரலால் மூச்சு விடுவது; குட்டி ஈன்று பாலூட்டுவது. கடல் ஓங்கிலைப் பலரும் அறிவர். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே மடியும் ஓங்கில்களும் உண்டு என்பதைச் சிலரே அறிவர். கங்கை, பிரமபுத்திரை ஆறுகளில் ஓரினமும், சிந்து ஆற்றில் ஓரினமும் வாழ்கின்றன. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றில் இளஞ்சிவப்பு நிறமுடைய ‘போட்டோ’வும், அதனினும் சிறிய ‘துக்குசி’யும் உள்ளன. ஐராவதி, மீகாங், போர்னியோவின் மகாகம் ஆகிய ஆறுகளில் ஐராவதி ஓங்கில்கள் காணப்படுகின்றன. இவ்வினம் கடலோரத்திலும் வாழ்வது; ஆயினும் ஆற்றில் தங்கிவிட்ட கூட்டங்கள் கடலுக்குத் திரும்புவதில்லை.

பெயரில் புகுந்த பிழை

இத்துறையின் குறைகளுள் ஒன்று அதன் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. பைஜியை மேனாட்டு அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விளக்கி எழுதியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த கெரிட் மில்லர். ஆண்டு 1918. ஹோய் என்ற அமெரிக்க இளைஞர் தொங்டிங் ஏரிப் பக்கத்தில் சுட்டு வீழ்த்திய விலங்கின் எலும்புகளே அவருக்குச் சான்றாயின. மில்லர் அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரின் பிற்பாதிக்குக் ‘கொடி தாங்கி’ என்பது பொருள். அவ்வூரார் அவ்விலங்கை ‘வெண்கொடி’ என்று அழைப்பதாக ஹோய் எழுதியதே அதற்குக் காரணம். உண்மையில் ஊரார் கூறிய சொல் வேறு. ஒலி ஒற்றுமையால் அது கொடியைக் குறிக்கும் சீனச் சொல்லாக மயங்கிவிட்டது. ‘ஜி’ என்பது அவ்விலங்குக்கே உரிய பழம்பெயர். சீனரின் தொன்மையான அகராதியாகிய ‘எர்யா’விலேயே அச்சொல் இடம் பெற்றுள்ளது.

இது சிறு பிழையே. எனினும் அதில் ஒரு பெருங்குறையின் அடையாளம் உண்டு. ஆற்றோரத்து மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரிட்டு அறிந்திருந்த விலங்கை, ஒரு மண்டையோடு வந்து சேர்ந்த நாளிலிருந்தே அறியப்பட்டதாகக் கொள்ளும் வழக்கம் அறிவியல் ஏடுகளில் நிலைத்துவிட்டது. கங்கை ஓங்கிலின் வரலாறும் இத்தகையதே. இராக்ஸ்பரோ, லெபெக் ஆகிய இருவரும் 1801-இல் தனித்தனியே அதனை விளக்கி எழுதினர் என்று நூல்கள் கூறும். அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே, அசோக மன்னர் தம் ஐந்தாம் தூண் கல்வெட்டில் கொல்லலாகா உயிர்களின் பட்டியலில் ‘கங்கா புபுடக’ என்னும் ஒன்றைச் சேர்த்தார். அது கங்கை ஓங்கிலே என்பது அறிஞர் பலர் துணிபு. அத்துணிபு சரியாயின், அவ்விலங்கு அறிவியல் பெயர் பெறுவதற்கு முன்பே அரச ஆணையால் காப்புப் பெற்றது என்பது பெறப்படும்.

கற்றவை

குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுவதே முறை. இத்துறை கண்டறிந்த உண்மைகள் வியப்புக்குரியவை. கங்கை, சிந்து ஓங்கில்களின் கண்ணில் உருவத்தைக் குவித்துக் காட்டும் வில்லை இல்லை. ஒளியையும் இருளையும் வேறுபடுத்தி அறிவதே அக்கண்ணால் ஆவது. கலங்கிய நீரில் கண்ணாற் பயனின்மையால், அவை ஓயாது ஒலி எழுப்பி, அவ்வொலி பொருள்கள்மீது பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழியறிகின்றன, இரை தேடுகின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரின் நீர்வாழ் உயிர்க்காட்சிச் சாலையைச் சேர்ந்த எர்ல் ஹெரால்டும் அவருடன் உழைத்தோரும் 1969-இல் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். சிந்து ஓங்கில் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறது என்பதே அது. அவ்வாறு நீந்தும் வழக்கம் வேறெந்த ஓங்கிலிடத்தும் அதற்குமுன் அறியப்படவில்லை.

ஆற்று ஓங்கில்கள் அனைத்தும் ஒரு குடும்பத்தவை என்ற பழைய கொள்கையும் வீழ்ந்தது. அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மூதாதையரிலிருந்து ஆற்று வாழ்க்கைக்குப் பழகியவை என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டியது. நீண்ட மூக்கும் சிறுத்த கண்ணும் உறவால் வந்த ஒற்றுமை அல்ல. ஒத்த வாழ்க்கையால் வந்த ஒற்றுமை. பைஜியின் கால்வழி இரண்டு கோடி ஆண்டுகட்கு மேலாகத் தனித்து நின்ற ஒன்று. அது மறைந்ததால் ஓரினம் மட்டுமன்றி ஒரு குடும்பமே மறைந்தது. கங்கை ஓங்கிலும் சிந்து ஓங்கிலும் ஒன்றா வேறா என்ற நெடுநாளைய வழக்கிலும் 2021-இல் தீர்ப்புக் கிடைத்தது. ஜில்லியன் பிரௌலிக் முதலியோர் மண்டையோடுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, அவை இரு வேறு இனங்களே என நிறுவினர்.

இவை யாவும் உண்மையான வெற்றிகள். ஆனால், அழியும் நிலையிலுள்ள விலங்கைப் பற்றிய ஆராய்ச்சியை இவ்வெற்றிகளைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அங்கே முதன்மை பெறுவது வேறொரு கேள்வி: எத்தனை உள்ளன, அவை கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பது. இன்று ஆற்று ஓங்கில் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இக்கேள்வியைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

எண்ணுதலின் அருமை

ஆற்று ஓங்கிலை எண்ணுவது எளிய வேலையன்று. மூச்சு விட அது மேலெழும் நேரம் ஓரிரு நொடியே. நீரோ கலங்கல். ஒரே விலங்கு ஓரிடத்தில் மூழ்கி மற்றோரிடத்தில் எழுந்தால், இரண்டெனக் கொள்ள நேரும். இரண்டு விலங்குகள் மாறி மாறி எழுந்தால், ஒன்றெனக் கொள்ள நேரும். ஐராவதி ஓங்கிலின் முதுகுத் துடுப்பில் உள்ள வடுக்களை நிழற்படத்திற் பிடித்து, விலங்கை விலங்காக அடையாளம் காண முடிகிறது. கங்கை ஓங்கிலுக்கு அத்தகைய எடுப்பான துடுப்பு இல்லை.

இவ்விடர்ப்பாட்டை நீக்க விஞ்ஞானிகள் கண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது, வகுப்பறையிலும் விளக்கத்தக்கது. இரு குழுவினர் ஒருவரோடொருவர் கலந்து பேசாது ஒரே ஆற்றுப் பகுதியைத் தனித்தனியே நோக்குவர். முதற்குழு 80 ஓங்கில்களைக் கண்டது என்றும், இரண்டாம் குழு 75 கண்டது என்றும், அவற்றுள் இரு குழுவும் கண்டவை 60 என்றும் கொள்க. இரண்டாம் குழு கண்ட 75-இல் முதற்குழு கண்டது 60, அதாவது ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே முதற்குழுவின் பார்வைக்கு எட்டுவது ஐந்தில் நான்கு பங்கே என்பது தெரிகிறது. 80 என்பது ஐந்தில் நான்கானால் முழுத்தொகை 100 ஆகும். இவ்வாறு, காணாதவற்றையும் கணக்கில் சேர்க்கும் வழி பிறந்தது. இதனுடன் நீர்க்கீழ் ஒலிவாங்கிகளும் சேர்ந்தன. கண்ணுக்கு மறைந்தாலும் ஓங்கிலின் குரல் ஒலிவாங்கிக்கு மறைவதில்லை.

ஆனால் வழி திருந்தத் திருந்த ஒரு சிக்கலும் உடன் வந்தது. பழைய முறையில் எண்ணிய தொகையையும் புதிய முறையில் எண்ணிய தொகையையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் தவறு. கண்ணாடி அணியாது எண்ணியவன் பத்து என்றான். கண்ணாடி அணிந்து எண்ணியவன் இருபது என்றான். இதனால் பொருள் இருமடங்காயிற்று என்று கூறுவார் உண்டோ? செய்தித் தலைப்புகளிலோ இத்தவறு அடிக்கடி நிகழ்கிறது.

சிந்து ஆறு தரும் பாடம்

எண்ணிக்கை ஒன்றையே நம்பினால் நேரும் மயக்கத்தைச் சிந்து ஆறு நன்கு காட்டுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜியோ பில்லேரி 1974-இல் மதிப்பிட்டபோது, சிந்து மாகாணத்தில் ஏறத்தாழ 150 ஓங்கில்களே உள்ளன எனக் கூறினார். அவ்வாண்டிலேயே சுக்கூருக்கும் குட்டுவுக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பாகிஸ்தானில் ஆற்றின் நெடுகிலும் நிகழ்ந்த கணக்கெடுப்பில் 965 காணப்பட்டன. 2017-இல் வெளிவந்த மதிப்பீடு 1,816. இவ்வெண்களை வரிசையாகப் பார்ப்பவர் இடுக்கண் தீர்ந்தது என்றே எண்ணுவர்.

இவ்வுயர்வு முற்றும் பொய்யன்று. வேட்டை தடுக்கப்பட்ட பின்னர் காப்பிடத்தில் தொகை பெருகியது உண்மை. அதே வேளையில், முதல் மதிப்பீடு சிறு பகுதியைப் பற்றியது, பின்னவை நெடும்பகுதியைப் பற்றியவை என்பதும் உண்மை. இவற்றினும் முதன்மையான உண்மை ஒன்று எண்ணிக்கையில் தோன்றவேயில்லை. 2014-இல் பிரௌலிக் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி அதனை எடுத்துரைத்தது. பாசனத்திற்காகக் கட்டிய கதவணைகள் அவ்வோங்கிலின் பழைய வாழிடத்தை 17 துண்டுகளாக வெட்டிவிட்டன. அவற்றுள் 10 துண்டுகளில் ஓங்கில் அற்றுப்போயிற்று. எஞ்சியிருப்பது 6 துண்டுகளிலேயே. மற்றொன்றின் நிலை உறுதியாகவில்லை. பழைய வாழிடத்தில் ஐந்தில் நான்கு பங்கு இழக்கப்பட்டது. கோடைக்காலத்தில் ஆற்று நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடுவதே இதற்குத் தலையாய காரணம் என அவர்கள் கண்டனர்.

எண் உயர்ந்தது, வீடு சுருங்கியது. இரண்டும் ஒரே விலங்கின் வரலாறு. எண்ணை மட்டும் படித்தவர் மகிழ்வர். வாழிடத்தையும் சேர்த்துப் படித்தவரே நிலையை அறிவர். அந்த 2014 ஆராய்ச்சி இத்துறையில் வெளிவந்தவற்றுள் சிறந்த ஒன்றாவது இதனாலேயே. அது ‘எத்தனை’ என்பதோடு நில்லாமல் ‘எங்கே அழிந்தது, எதனால் அழிந்தது’ என்று கேட்டது.

கங்கைக் கணக்கு

இந்திய அரசு 2009-இல் கங்கை ஓங்கிலை நாட்டின் நீர்வாழ் விலங்காகத் தேர்ந்தது. 2020-இல் ஓங்கில் காப்புத் திட்டத்தை அறிவித்தது. அதன் பயனாக, இந்தியக் காட்டுயிர் நிலையத்தார் 2021 முதல் 2023 வரை நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2025 மார்ச்சில் வெளிவந்தது. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகள். 8,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழி. மொத்தத் தொகை 6,327. அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்காளத்தில் 815, அசாமில் 635. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் வாழ்பவை மூன்றே மூன்று. அவை சிந்து இனத்தைச் சேர்ந்தவை.

இம்முயற்சி பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. இத்துணைப் பரந்த பரப்பில் இந்தியாவில் இதற்குமுன் ஆற்று ஓங்கில்கள் எண்ணப்பட்டதில்லை. ஆயினும் இத்தொகையைப் படிக்கும் முறையில் எச்சரிக்கை வேண்டும். முன்னர் 2,000 முதல் 3,500 வரை எனப் பலரும் பலவாறு கூறிவந்தனர். அவற்றோடு 6,327-ஐ ஒப்பிட்டு, ஓங்கில் இருமடங்காகப் பெருகியது என்று கொள்வது பிழை. முன்னவை ஆங்காங்கே எண்ணியவற்றைக் கூட்டியவை. பின்னது பரந்த ஆய்வு. இந்த 6,327 என்பது வளர்ச்சியைக் காட்டும் எண் அன்று. இனி வருவதை அளப்பதற்கு நாட்டிய முதற்கல். இரண்டாம் முறை அதே ஆறுகளில் அதே முறையில் எண்ணும்போதுதான் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது விளங்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி. வேண்டியதில்லை. கங்கை ஓங்கிலைக் கொல்பவை எவை என்பது புதிதாக அறிய வேண்டியதன்று. செவுள் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறப்பவை பல. கெளிற்று மீன்களை ஈர்க்க ஓங்கிலின் கொழுப்பெண்ணெயைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்துவந்தது. அதற்கு மாற்றாக மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயே போதும் என்பதைப் பாட்னாப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஆர். கே. சின்கா முதலியோர் ஆய்ந்து காட்டினர். 1975-இல் இயங்கத் தொடங்கிய பராக்கா கதவணை கங்கைக் கூட்டத்தை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. கோடையில் நீர் வற்றிய நிலையில், கப்பல்களின் இரைச்சல் ஓங்கிலின் ஒலியை மறைத்து, அதன் உடலுக்கு மிகுந்த உழைப்பைத் தருகிறது என்று 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. ஹால்தியாவிலிருந்து பிரயாகை வரை 1,620 கிலோமீட்டர் கங்கை நீர்வழி சரக்குப் போக்குவரத்திற்கென ஒதுக்கப்பட்டிருப்பதை நோக்க, இவ்வாராய்ச்சி எத்துணை இன்றியமையாதது என்பது புலப்படும். ஒரு கையால் ஓங்கிலை எண்ணி, மறுகையால் அதன் ஆற்றைக் கப்பலுக்கு ஆழப்படுத்தும் நிலையில், எண்ணிக்கை யாரைக் காக்கும்?

எண்ணிக்கையின் உண்மைப் பயன்

இவ்வாறு கூறுவதால் எண்ணுதலே வீண் என்று கொள்ளலாகாது. எண்ணாதிருந்தால் இழப்பே தெரியாமற் போகும். பிரேசில் நாட்டின் மாமிராவா காப்பிடத்தில் வேரா தா சில்வாவும் டோனி மார்ட்டினும் நடத்திவரும் பணி இதற்குச் சான்று. 1994 முதல் அவர்கள் ஒரே நீர்வழியில் ஒரே முறையில் திரும்பத் திரும்ப எண்ணினர். 2018-இல் வெளியிட்ட முடிவு நெஞ்சை உலுக்கியது. அங்கே போட்டோவின் தொகை பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. துக்குசியின் தொகை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. அமேசான் மிகப் பரந்தது, ஓங்கில்கள் ஏராளம் என்று நம்பியிருந்தோர்க்கு இது பேரிடி. மீன்பிடி வலைகளும், பிராகட்டிங்கா என்ற மீனைப் பிடிக்க ஓங்கில் இறைச்சியை இரையாக இட்டதும் இவ்வீழ்ச்சிக்குக் காரணம் எனப்பட்டன. அம்மீனைப் பிடிப்பதற்குப் பிரேசில் அரசு 2015-இல் தடை விதித்தது.

இப்பணியின் சிறப்பு பரப்பில் இல்லை, விடாமுயற்சியில் உள்ளது. ஒரு சிறு பகுதியை இருபது ஆண்டுகளுக்கு மேல் மாறா முறையில் நோக்கியது, ஒரு பேராற்றை ஒருமுறை நோக்கியதினும் மிகுதியாகக் கற்பித்தது. அழிவின் காரணங்களுள் புதியதொன்று 2023-இல் அதே பிரேசிலில் வெளிப்பட்டது. கடும் வறட்சியில் தெபே ஏரியின் நீர் 39 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியது. அங்கே சில வாரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட ஓங்கில்கள் மாண்டன. ஆண்டுக்கொரு முறை எண்ணும் ஏற்பாடுகளால் முன்னறிய இயலாத கேடு இது.

தென்கிழக்காசியாவின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. மீகாங் ஆற்றில் 1997-இல் ஏறத்தாழ 200 ஐராவதி ஓங்கில்கள் இருந்தன. 2020-இல் 89 ஆயின. 2024-இல் 105 என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் லாவோசின் எல்லைக்குள் வாழ்ந்த கடைசி ஓங்கில் 2022-இல் மடிந்தது. மகாகம் ஆற்றுக் கூட்டம் நூறுக்கும் குறைவு. இரண்டு ஆறுகளிலும் தலையாய கொலைக்கருவி செவுள் வலையே.

பைஜியின் வழக்கு

அறிந்தும் காவாமை என்ற குற்றச்சாட்டுக்கு மீண்டும் யாங்சி ஆற்றுக்கே செல்ல வேண்டும். 1980-ஆம் ஆண்டளவில் பைஜி ஏறத்தாழ 400 என மதிப்பிட்டனர். பத்தாண்டில் அது 200 எனக் குறைந்தது. 1997-இல் நடந்த தேடலில் கண்ணிற்பட்டவை 13. கொன்றவை எவை என்பதும் ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்டிருந்தது. வரிசை வரிசையாகக் கட்டிய இரையில்லாத் தூண்டில் முட்கள், வலைகள், மின்சாரம் பாய்ச்சி மீன்பிடித்தல், கப்பல் மோதல் ஆகியவையே அவை.

1986-இல் வூகான் நகரில் உலக ஆற்று ஓங்கில் அறிஞர்கள் கூடினர். கூட்ட நடவடிக்கைகள் 1989-இல் நூலாக வந்தன. எஞ்சிய பைஜிகளைப் பிடித்து, ஆற்றிலிருந்து துண்டுபட்டு நின்ற பழைய வளைவுகளில் காப்பாக வளர்க்கலாம் என்பது அக்காலத்தே பேசப்பட்ட திட்டம். தியான்-எ-சோ என்னும் அத்தகைய வளைவு 1992-இல் காப்பிடமாயிற்று. அதில் விடப்பட்ட பைஜி எத்தனை? ஒன்றே ஒன்று. 1995-இன் இறுதியில் விடப்பட்ட அப்பெண் விலங்கு அடுத்த ஆண்டே இறந்தது. வூகான் நீரியல் உயிர் நிலையத்தில் 1980 முதல் வாழ்ந்த ‘சீ சீ’ என்னும் ஆண் பைஜி, 22 ஆண்டுகள் அங்கேயே இருந்து 2002 சூலையில் மடிந்தது. எஞ்சியவற்றைப் பிடிக்கும் திட்டத்திற்கு முன்னோடியாக 2006-இல் கப்பல்கள் புறப்பட்டபோது, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அத்தேடலில் பங்கு கொண்ட சாமுவேல் டர்வி, 2008-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகப் பதிப்பாக ஒரு நூல் வெளியிட்டார். யாங்சி ஓங்கிலைக் காக்கத் தவறியது எவ்வாறு என்பதே அதன் பொருள். கூட்டங்கள் கூடின, அறிக்கைகள் குவிந்தன, பொருளுதவி வந்து சேரவில்லை என்று காப்புக் கழகங்கள்மீது அவர் குற்றம் சாட்டினார். மேலும் ஆராய்ச்சி தேவை என்ற சொல் காலங்கடத்தும் போர்வையாகிவிட்டது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. இந்நூலுக்கு மறுப்புக் கூறுவோர், அந்த ஆற்றின் கரையில் வாழும் கோடிக்கணக்கான மக்களின் பிழைப்பை மாற்ற எந்த விஞ்ஞானியாலும் இயலாது என்பர். பைஜியைப் பிடித்து வளர்த்தாலும் பிழைத்திருக்கும் என்பதற்கு உறுதி என்ன என்றும் கேட்பர்.

முதல் மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதற்கு யாங்சி ஆறே விடை கூறிவிட்டது. அதே தியான்-எ-சோ வளைவில் 1990 முதல் விடப்பட்ட துடுப்பில்லாக் கடற்பன்றிகள் இனம் பெருக்கி, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ நூறாயின. பைஜிக்கென ஒதுக்கிய வீட்டில் அதன் அண்டை வீட்டார் பிழைத்தனர். சீன அரசு 2021 சனவரி முதல் நாள் தொட்டு யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை விதித்தது. 2017-இல் 1,012 ஆக இருந்த கடற்பன்றிகளின் தொகை 2022-இல் 1,249 என மதிப்பிடப்பட்டது. ஒரே ஒரு உயர்வைக் கொண்டு முடிவு கட்டலாகாது எனினும், நெடுங்காலமாக அறிந்த காரணத்தின்மீது கைவைத்த பின்னரே உயர்வு தோன்றியது என்பதை மறுப்பதற்கில்லை. பைஜியைக் கொன்ற வலைகளும் முட்களும் ஆற்றை விட்டு அகன்றபோது பைஜி இல்லை.

மீனவர் அறிவு

டர்வி முதலியோர் 2008-இல் யாங்சிக் கரை மீனவரிடம் சென்று உசாவி, 2010-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. முதியோர் பைஜியை நன்கு அறிந்திருந்தனர். இளையோர் பலர் அப்பெயரையே கேட்டிலர். ஓரினம் ஆற்றை விட்டு மறைந்து சில ஆண்டுகளிலேயே மக்கள் நினைவை விட்டும் மறையத் தொடங்கியது. நினைவு அழிந்தபின், இழந்தோம் என்ற உணர்வும் அழியும். ஓங்கிலே இல்லாத ஆறுதான் இயல்பான ஆறு என்று அடுத்த தலைமுறை எண்ணிவிடும்.

பெயரைத் தவறாகக் கேட்ட நாள் முதல் ஆற்றோரத்தாரின் அறிவை ஓரமாகவே வைத்துவந்த துறை, இவ்வாய்வால் ஒரு திருத்தம் பெற்றது. ஓங்கில் எங்கே குட்டியோடு திரியும், எந்த மடுவில் கோடையைக் கழிக்கும், எந்த வலையில் சிக்கும் என்பவை மீனவர் நாள்தோறும் காண்பவை. கங்கையில் விக்ரமசீலக் காப்பிடம் 1991-இல் ஏற்பட்டது. அங்கே ஓங்கில் விரும்பும் நீர்ப்பகுதியும் மீனவர் விரும்பும் நீர்ப்பகுதியும் பெரும்பாலும் ஒன்றே என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வாறாயின், மீனவரை விலக்கிவிட்டு ஓங்கிலைக் காப்பது என்பது நடவாத செயல். வலை இழந்தவர்க்கு மாற்றுப் பிழைப்பு, சிக்கிய ஓங்கிலை விடுவிப்பவர்க்கு வலையின் விலை, மீன்வளம் குன்றாதபடி ஆற்றில் நீர் ஆகிய இவையே காப்பின் உண்மையான செலவுகள். ஆராய்ச்சி நிதியைப் பற்றிப் பேசுவோர் இச்செலவுகளைப் பற்றிப் பேசுவது அரிதாகவே உள்ளது.

மதிப்பீடு

இதுகாறும் கண்டவற்றால் ஆற்று ஓங்கில் ஆராய்ச்சியின் நிலையைச் சுருங்கக் கூறலாம். விலங்கின் உடலையும் புலனையும் மரபையும் அது நன்கு கற்றது. எண்ணும் கலையில் தேர்ந்தது. அழிவின் காரணங்களைப் பெரும்பாலும் கண்டறிந்தது. ஆனால், எவ்வளவு தெரிந்தால் செயலில் இறங்கப் போதும் என்ற கேள்விக்கு விடை கூற அது இன்னும் பழகவில்லை. நோயாளியின் உடற்சூட்டை மணிக்கொரு முறை அளந்து எழுதிவைத்து, மருந்து கொடாதிருக்கும் மருத்துவனை உலகம் ஒப்புமா? அளத்தல் வேண்டும், மருந்து அதனினும் முன்னே வேண்டும்.

ஓங்கில் எண்ணிக்கை பற்றிய செய்தியைப் படிப்போரும், அதனை மாணவர்க்கு எடுத்துரைப்போரும் மூன்று கேள்விகளை உடன் எழுப்புதல் நன்று. எண்ணியது எவ்வளவு நீளமுள்ள ஆற்றில்? முன்னர் எண்ணியதும் அதே முறையிலா? தொகை கூடியதாயினும் வாழிடம் குறைந்ததா? இம்மூன்றுக்கும் விடையில்லாத எண் வெறும் எண்ணே. விடை கிடைத்த பின்னர் நான்காவதாகக் கேட்க வேண்டியது அரசினரை நோக்கியது: கொல்பவை இவை எனத் தெரிந்தபின் எவற்றை நீக்கினீர்கள்?

2023 அக்டோபரில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஆற்று ஓங்கில் வாழும் நாடுகள் பலவும் கூடி ஓர் உடன்பாட்டை வெளியிட்டன. ஓங்கில்களின் வீழ்ச்சியைத் தடுப்பதும் தொகையைப் பெருக்குவதும் அதன் நோக்கம். வூகானிலும் நல்ல உடன்பாடு தோன்றியது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் கழிந்தன. பியாஸ் ஆற்றின் மூன்று ஓங்கில்களுக்கு அத்தனை ஆண்டுக் காலம் இல்லை. அங்கே மீண்டும் எண்ணச் செல்லும் படகுக்கு முன்னால், கோடையில் ஆற்றுக்குப் போதிய நீர் சென்று சேர வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே கைவசம் உள்ளது.